வொஸ் கிராமத்து மதுவமும் உலகத்து பியரும்



இன்று நான் பேசப்போவது பியரைப் பற்றி. "இந்த நேரத்தில் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கும்போது இதென்ன கதை?" என்று சில அம்மாமார் நினைக்கக்கூடும். குடியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. குடியினால் கெட்ட குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். நான் சொல்ல வந்தது வேறு விடயம். ஒரு சிறு சமூகம் தன் வீட்டு மூலையில் பல தலைமுறையாகக் காத்து வந்த ஒன்றை உலகம் கண்டுபிடித்தால் என்ன நடக்கிறது? அது வாழ்கிறதா, அல்லது பெயர் மட்டும் வாழ்கிறதா? இந்தக் கேள்விக்கு நாம் வாழுகின்ற இந்த நோர்வே நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

அந்த உதாரணத்தின் பெயர் "க்வைக்". மேற்கு நோர்வேயின் வொஸ், ஹார்டாங்கர் போன்ற இடங்களின் பேச்சுவழக்கில் பியர் காய்ச்சப் பயன்படும் மதுவத்துக்கு இந்தப் பெயர். மதுவம் என்றால் ஈஸ்ற். ஊரில் விஞ்ஞானப் பாடத்தில் படித்த சொல் சிலருக்கு நினைவிருக்கும். க்வைக் என்ற சொல்லுக்கு வேர், உயிருள்ளது, தீ மூட்டுதல் என்ற கருத்துகளோடு தொடர்புடையது. நுண்ணுயிர் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், இது உயிருள்ள பொருள் என்று அந்த விவசாயிகள் பெயர் வைத்துவிட்டார்கள்.

பியர் எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்லியை நனைத்து, முளைக்கவிட்டு, உலர்த்தினால் அது மோல்ற். அதைச் சுடுநீரில் ஊறவைத்தால் தானியத்தின் மாப்பொருள் சீனியாக மாறி இனிப்பான சாறு வரும். அந்தச் சாற்றில் மதுவத்தைப் போட்டால், அது சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடும். ஹொப்ஸ் என்ற கொடியின் பூ கசப்பும் வாசமும் தரும். இவ்வளவுதான். ஆனால் இதில் மதுவம்தான் உயிர். எங்கள் வீட்டில் தயிர் போடுவதற்கு உறைமோர் எடுத்து வைப்பதில்லையா? நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு. இன்றையதில் ஒரு கரண்டி நாளைய பாலுக்கு. க்வைக்கும் அப்படித்தான். போன நத்தாருக்குக் காய்ச்சிய பியரின் அடியிலோ மேலோ திரண்ட மதுவத்தை எடுத்து உலர்த்தி, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வார்கள்.

அதை உலர்த்துவதற்கு அவர்கள் கையாண்ட வழிகளைக் கேட்டால் வியப்பாக இருக்கும். சிறு மரத்துண்டுகளைக் கோத்து வளையம் போல மாலை செய்து, அதை மதுவத்தில் தோய்த்துத் தொங்கவிடுவார்கள். சிலர் துளைகள் இட்ட மரக்கட்டையைப் பயன்படுத்தினார்கள். சிலர் துணியில் பரப்பிக் காயவைத்தார்கள். காய்ந்த மதுவம் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் கூட உயிரோடு கிடக்கும். யாருடைய மதுவமாவது பழுதாகிவிட்டால் பக்கத்துப் பண்ணைக்குப் போய் வாங்கிக்கொள்வார். நாளைக்கு அந்தப் பக்கத்து வீட்டாருடையது பழுதானால் இவர் கொடுப்பார். இதற்கு விலை இல்லை.

இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்று பார்ப்போம். மேற்கு நோர்வேயின் பழைய சட்டமான குலாத்திங் சட்டத்தில், நத்தாருக்குப் பியர் காய்ச்சுவது ஒரு கடமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. குறைந்தது 3 குடும்பங்கள் சேர்ந்து விருந்து வைக்கவேண்டும். 3 ஆண்டுகள் தொடர்ந்து காய்ச்சாமல் விட்டவனின் சொத்து பறிபோகும். பாதி அரசனுக்கு, பாதி ஆயருக்கு. இன்று ஒரு நாட்டில் பியர் காய்ச்சினால் தண்டம், அன்று இங்கே காய்ச்சாவிட்டால் தண்டம்! நத்தாருக்கு மட்டுமல்ல, கலியாணத்துக்கும், பிள்ளை பிறந்தாலும், செத்தவீட்டுக்கும் காய்ச்சினார்கள். செத்தவீட்டுப் பியருக்கு "கிராவ்ஓல்" என்று தனிச்சொல்லே இருக்கிறது.

நான் பேர்கனில் இருப்பவன். அங்கிருந்து வொஸ் ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம். என்னோடு வேலை செய்த ஒருவர் அந்தப் பக்கத்துப் பண்ணையில் பிறந்தவர். ஒரு இலையுதிர் காலத்தில் அவர் தமையன் பியர் காய்ச்சும் நாளுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். விடியற்காலையில் தொடங்கிய வேலை இருட்டிய பிறகும் முடியவில்லை. முதலில் பெரிய செப்புக் கிடாரத்தில் ஜுனிப்பர் கொப்புகளைப் போட்டுத் தண்ணீர் காய்ச்சினார்கள். நோர்வேஜிய மொழியில் இதற்கு "எய்னர்" என்று பெயர். காட்டில் முள்ளுமுள்ளாக நிற்குமே, அந்தச் செடிதான். அந்தத் தண்ணீரில்தான் மோல்ற் ஊறியது. பிறகு வடித்த சாற்றை விறகு அடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சினார்கள். நிறம் செம்மண் தண்ணீர் போலச் சிவந்தது. எங்கள் ஊரில் பனங்கட்டி காய்ச்சும் கொட்டிலில் நிற்பது போலவே எனக்கு இருந்தது.

சாறு ஆறட்டும் என்று நான் காத்திருந்தேன். ஆனால் கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே அவர் மதுவத்தைப் போட்டுவிட்டார். வெப்பமானியில் 39 பாகை காட்டியது. இதுதான் க்வைக்கின் அதிசயம். உலகில் சாதாரண ஏல் வகைப் பியருக்கு மதுவம் 20 பாகை அளவில் வேலை செய்யும். லாகர் வகைக்கு 10 பாகை அளவில் குளிராக வைத்திருக்க வேண்டும். 39 பாகையில் அந்த மதுவங்களைப் போட்டால் பியர் கெட்ட வாடை அடிக்கும். க்வைக்கோ அந்தச் சூட்டில்தான் சந்தோசமாக வேலை செய்கிறது. ஒன்றிரண்டு நாளில் நொதித்து முடிந்துவிடும். வாசம் தோடம்பழத் தோல் போல இருக்கும். நுரை குறைவு, இனிப்பு உண்டு, நெஞ்சில் ஜுனிப்பரின் காட்டு வாசம் நிற்கும். பியரை வடித்து எடுக்கும் நாளில் அயலவர்கள் எல்லோரும் வந்து ருசி பார்ப்பது சில ஊர்களில் இன்றும் வழக்கம். அழைப்பிதழ் கிடையாது.

சரி, இப்படிப்பட்ட வழக்கம் ஏன் நாடு முழுவதும் இல்லை? இங்கேதான் உலகச் செல்வாக்கு என்ற விடயம் வருகிறது. இது இன்று நேற்று வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் பவேரியாவிலிருந்து லாகர் பியர் நோர்வேக்கு வந்தது. நகரங்களில் பெரிய மதுவடிசாலைகள் எழுந்தன. ஒஸ்லோவின் ரிங்னெஸ் 1876இல் தொடங்கப்பட்டது. இன்று அது டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க்குக்குச் சொந்தம். அதே கார்ல்ஸ்பேர்க்கின் ஆய்வுகூடத்தில் 1883இல் எமில் கிறிஸ்தியன் ஹான்சன் என்ற விஞ்ஞானி ஒரே ஒரு மதுவக் கலத்திலிருந்து தூய வளர்ப்பைப் பிரித்தெடுத்தார். அது பெரிய சாதனை. பியர் பழுதாவது குறைந்தது, ஒவ்வொரு முறையும் ஒரே சுவை வந்தது. ஆனால் பல மதுவங்கள் கூடி வாழ்ந்த பழைய கலவைகள் அழுக்கு என்று ஒதுக்கப்பட்டன. உலகம் முழுவதும் பியர் ஒரே மாதிரி ஆகத் தொடங்கியது.

கிராமங்களிலும் மாற்றம் வந்தது. கடையில் பாண் போடும் ஈஸ்ற் மலிவாகக் கிடைத்தபோது வீட்டு மதுவத்தைக் காக்கவேண்டிய தேவை போய்விட்டது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். துரொண்ட்ஹைமுக்குப் பக்கத்தில் ஸ்தியோர்டால் என்ற ஊரில் விவசாயிகள் இன்றும் சொந்தமாக மோல்ற் செய்து, ஆல்டர் மர விறகின் புகையில் உலர்த்துகிறார்கள். ஆனால் சொந்த மதுவத்தை விட்டுவிட்டார்கள், கடை ஈஸ்ற்தான். வொஸ் பக்கத்திலோ மோல்றைக் கடையில் வாங்குகிறார்கள், மதுவத்தை விடவில்லை. ஒரு ஊர் ஒரு கையைக் காத்தது, மற்ற ஊர் மற்றக் கையைக் காத்தது. பாரம்பரியம் என்பது முழுதாக அழிவதுமில்லை, முழுதாக மிஞ்சுவதுமில்லை.

அடுத்து இரண்டாவது அலை. அமெரிக்காவில் 1965இல் ஃபிரிட்ஸ் மேய்டாக் என்பவர் சான் பிரான்சிஸ்கோவின் மூடப்பட இருந்த ஆங்கர் மதுவடிசாலையைக் காப்பாற்றினார். 1980இல் சியரா நெவாடா வந்தது. பெரிய கம்பனிகளின் ஒரே சுவைக்கு எதிராக, கையளவு மனிதர்கள் கைப்பட்ட பியரைக் காய்ச்சினார்கள். இதைத்தான் கிராஃப்ட் பியர் என்கிறார்கள். அந்த அலை நோர்வேக்கும் வந்தது. 2002இல் கிறிம்ஸ்தாட் நகரில் "நொக்னே ஓ" என்ற சிறு மதுவடிசாலை தொடங்கியது. அதைப் பின்பற்றிப் பலர் வந்தார்கள். நல்ல பியர்கள்தான். ஆனால் அவர்கள் முதலில் காய்ச்சியவை எல்லாம் ஆங்கிலேயரின், அமெரிக்கரின் வகைகள். ஹொப்ஸ் அமெரிக்காவிலிருந்து, மதுவமும் வெளியிலிருந்து, போத்தலில் எழுத்து ஆங்கிலத்தில். "ஒரே சுவை வேண்டாம், உள்ளூர்ச் சுவை வேண்டும்" என்று புறப்பட்ட இயக்கம், நாடு நாடாகப் போய் அதே கசப்புப் பியரையே ஊற்றியது. மலைக்கு அந்தப்பக்கம் வொஸ்ஸில் கிழவர்கள் ஆயிரம் ஆண்டு வழக்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றதை அன்று அநேகர் கவனிக்கவில்லை.

கவனித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1950களில் நோர்வேயின் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் கிராமங்களுக்குக் கேள்விக்கொத்து அனுப்பினார்கள். மதுவத்தை உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள், எதில் காயவைப்பீர்கள், யார் காய்ச்சுவார்கள் என்பது போன்ற சாதாரணக் கேள்விகள். கிராமத்தவர்கள் எழுதி அனுப்பிய பதில்களை அடிப்படையாக வைத்து ஒட் நூர்லாண்ட் என்ற அறிஞர் 1969இல் நோர்வேயின் பியர் மரபுகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் என்ற கணினிப் பொறியியலாளர் அந்தப் பாதையில் நடந்தார். 2014இலிருந்து ஊர் ஊராகப் போய், காய்ச்சுபவர்களோடு இருந்து, எழுதினார். மதுவ மாதிரிகளை இங்கிலாந்தின் நொரிச் நகரில் உள்ள தேசிய மதுவச் சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினார். 2018இல் கனடாவின் குவெல்ஃப் நகர ஆய்வாளர்கள் மரபணுவை ஆராய்ந்து, க்வைக் வகைகள் தனியொரு குடும்பம் என்று காட்டினார்கள். மனிதன் பழக்கி வளர்த்த மதுவங்களில் ஒரு தனிக்கிளை.

அதன் பின்னர் நடந்தது வேகமானது. இன்று வொஸ் மதுவம் உலர்த்திய பொதியாக விற்பனைக்கு இருக்கிறது. ஒரு பெரிய கனடிய நிறுவனமே அதைத் தயாரிக்கிறது. குளிரூட்டும் இயந்திரம் வாங்க வசதியில்லாத சிறு மதுவடிசாலைகளுக்கு, முக்கியமாக வெப்ப நாடுகளில், 39 பாகையில் வேலை செய்யும் மதுவம் பெரிய வரப்பிரசாதம். செலவு குறைவு, நாளும் குறைவு.

இது நல்லதா கெட்டதா? நான் இரண்டு பக்கமும் சொல்கிறேன்.

நல்லது என்னவென்றால், அழியாது. பண்ணை ஒன்று எரிந்தாலும், கிழவர் ஒருவர் கண்மூடினாலும், நொரிச்சின் ஆழ்குளிரில் ஒரு பிரதி இருக்கிறது. அதைவிடப் பெரிய நன்மை மதிப்பு. அப்பாவின் பழைய பைத்தியம் என்று சிரித்த பிள்ளைகள் இப்போது பக்கத்தில் நின்று பழகுகிறார்கள். 2016இல் ஹோர்னின்டாலில் பண்ணைப் பியருக்கென்றே விழா தொடங்கியது. வெளியுலகம் வந்து பார்த்த பிறகுதான் உள்ளூர் தன்னைத் தானே பார்த்தது. இது வெட்கப்படும் விடயமல்ல, மனித இயல்பு.

கெட்டது என்ன? பயணம் போனது மதுவம் மட்டும். ஜுனிப்பர் போகவில்லை, விறகு அடுப்பு போகவில்லை, அயலவர் போகவில்லை. பண்ணையில் இருந்தது பல மதுவங்கள் கலந்த கூட்டுக்குடும்பம். பொதியில் வருவது பெரும்பாலும் அதிலிருந்து பிரித்தெடுத்த ஒற்றை ஆள். 1883இல் ஹான்சன் செய்த அதே வேலை மறுபடி நடக்கிறது. பிறகு அமெரிக்க ஹொப்ஸை அள்ளிப்போட்டு, பேணியில் "க்வைக்" என்று எழுதிவிடுகிறார்கள். அதைக் குடித்த ஒரு வெளிநாட்டுக்காரர் வொஸ் பண்ணைக்கு வந்தால், "இது க்வைக் மாதிரி இல்லையே" என்று சொல்லக்கூடும். பெயர் ஊரைவிட்டுப் போய், திரும்பி வந்து, ஊரையே பிழை சொல்லும்.

காசு விடயமும் இருக்கிறது. ஒரு சமூகத்தின் உயிர்வளத்தைப் பயன்படுத்தினால் பயனில் ஒரு பங்கு அந்தச் சமூகத்துக்குப் போகவேண்டும் என்பது 2010இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா உடன்படிக்கையின் கருத்து. வொஸ் மதுவத்தைக் கொடுத்த விவசாயி மனமுவந்து கொடுத்தார். கேட்டவருக்குக் கொடுப்பதுதான் அவர்களின் வழக்கம். அதனால் களவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வழக்கத்தில் கொடுத்தவருக்கு ஒரு உரிமை இருந்தது: என்னுடையது பழுதானால் உன்னிடம் வாங்குவேன். பொதியில் விற்பவரிடம் அந்த உரிமை இல்லை, காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். மதுவம் கொடுத்த விவசாயியோ, உரிமம் இல்லாமல் தன் பியரில் ஒரு போத்தலைக்கூட விற்க முடியாது. 4.7 வீதத்துக்கு மேற்பட்ட பியரைக் கடையில் வைக்க முடியாது, பொதுவாக "வின்மொனோபோல்" வழியாகத்தான் போகவேண்டும். பண்ணைப் பியரோ பெரும்பாலும் அதைவிடக் கடுமை. மதுபான விளம்பரத்துக்கும் 1975இலிருந்து தடை. இந்தச் சட்டங்கள் மக்கள் நலனுக்காக வந்தவை, நான் அவற்றை எதிர்க்கவில்லை. ஆனால் அவை சிறியவனையும் பெரியவனையும் ஒரே தராசில் வைக்கும்போது, பெரியவனுக்குப் பாரம் தெரிவதில்லை.

இதையெல்லாம் யோசிக்கும்போது, நேயர்களே, எனக்குக் கள்ளு நினைவுக்கு வராமல் இல்லை. பனையில் பாளை சீவி, முட்டி கட்டி இறக்குவது. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் சில மணித்தியாலத்தில் கள். கழுவாத முட்டியில் ஒட்டியிருக்கும் மதுவமே அடுத்த நாளுக்கு உறை. வொஸ்ஸின் மர வளையமும் எங்கள் மண்முட்டியும் ஒரே வேலையைத்தான் செய்தன. அந்தக் கள்ளை விட்டுத்தான் அப்பத்துக்கு மா புளிக்கவைத்தோம். தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. ஈழத்தில் தவறணைகளும் போத்தல் கள்ளும் இருக்கின்றன. ஆனால் மரம் ஏற ஆள் குறைந்துகொண்டே போகிறது.

ஏன் குறைகிறது? இங்கேதான் எங்களுக்கும் வொஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். வொஸ்ஸில் பியர் காய்ச்சியவர் தன் நிலத்துக்குச் சொந்தக்காரர், ஊரில் மதிப்பானவர். எங்களிடத்தில் தளநாரைக் காலில் மாட்டி, பாளைக்கத்தியை இடுப்பில் செருகி, உயிரைப் பணயம் வைத்து ஏறியவரைச் சாதியின் பேரால் தள்ளி வைத்தோம். பிளாவில் கள்ளை ஊற்றிக் குடித்த வீட்டிலேயே, அதை இறக்கியவருக்கு முற்றத்தைத் தாண்டி இடம் கிடைக்கவில்லை. அந்தத் தொழிலை விட்டு அவருடைய பிள்ளை படித்து வெளியேறியது சரியான முடிவு. அதைக் குறைசொல்ல எவருக்கும் வாயில்லை. ஆகவே "எங்கள் பாரம்பரிய பானம்" என்று இங்கே மேடையில் பெருமை பேசுவதற்கு முன், அதைச் செய்த மனிதருக்குக் கொடுக்காத மதிப்பைக் கொடுக்கவேண்டும். மனிதரை விட்டுவிட்டுப் பானத்தை மட்டும் தூக்கிப்பிடிப்பது, ஜுனிப்பரும் அயலவரும் இல்லாமல் மதுவத்தை மட்டும் பொதியில் அடைப்பது போன்றதுதான். சொல்லப்போனால் அதைவிட மோசமானது.

நோர்வேஜியரிடமிருந்து நாம் எடுக்கக்கூடிய ஒரு பாடம் மிகச் சாதாரணமானது. அவர்கள் கேட்டார்கள், எழுதி வைத்தார்கள். 1950களில் ஒரு கிராமத்து மனிதர் தபாலில் எழுதி அனுப்பிய பதில், அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு மரபையே மீட்க உதவியது. அந்தப் பதிலை எழுதியவருக்கு அது பெரிய விடயமாகத் தெரிந்திருக்காது.

எங்கள் மத்தியிலும் இந்தத் தொழில் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒஸ்லோவில், பேர்கனில், ரொறன்ரோவில், லண்டனில், பேரப்பிள்ளைகளோடு தொடர்மாடி வீட்டில் இருக்கிறார்கள். எத்தனை பாளைகளைச் சேர்த்துக் கட்டுவது, எந்த மாதம் எந்தப் பனை, சுண்ணாம்பு எவ்வளவு, காற்று அடித்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும். பலர் அதை வெளியில் சொல்வதில்லை. சொன்னால் எங்கள் சமூகம் எந்தக் கண்ணால் பார்க்கும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். முதலில் நாம் மாற்றவேண்டியது அந்தப் பார்வையைத்தான். அதன் பிறகு, அவர்கள் விரும்பினால் மட்டும், பக்கத்தில் இருந்து கேளுங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். கருவிகளின் பெயர்களைப் பேரப்பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். இந்த வானொலிக்குக் கொண்டுவந்தால் ஒலிபரப்ப இடம் கொடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

உலகச் செல்வாக்கை நாம் தடுக்க முடியாது. தடுக்கத் தேவையும் இல்லை. லாகர் வந்தது, கிராஃப்ட் பியர் வந்தது, இன்னும் ஏதாவது வரும். வொஸ்ஸின் மதுவம் பிழைத்தது, எவரும் கேட்காத காலத்திலும் அதை ஒருவர் உலர்த்தி வைத்ததால். அதன் கதை பிழைத்தது, ஒருவர் கதவைத் தட்டிக் கேட்டதால். எங்கள் பெரியவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. இந்தக் குளிர்காலத்திலேயே ஒரு கதவையாவது தட்டுவோம்.